பூஜ்யம் மணி முப்பத்தைந்து

எங்கள் அம்மாவோடு பிறந்த பெண்கள் நாலு பேர். கடைசிச் சித்திக்கு மூன்று பெண்கள். அந்த மூன்றில் நடுவில் பிறந்தவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சித்தி சீக்கிரம் போய்விட்டதால் அவள் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பில் தலைவாரி வளர்ந்தவர்களுக்கு ஒன்றுவிட்ட, ரெண்டுவிட்ட கணக்கெல்லாம் வராது. எனக்கு அவள் தங்கை, அவளுக்கு நான் அக்கா. அவ்வளவுதான்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. யாரும் கூப்பிடுவதில்லை. தையற்கடைக்குக் காஜா போட்டுக் கொடுப்பாள். சட்டையில் பித்தான் நுழைகிற துளை இருக்கிறதே, அதன் ஓரத்தை நூலால் நெருக்கிக் கட்டுகிற வேலை. சட்டை நைந்து தரை துடைக்கப் போனாலும் அவள் போட்ட காஜா விட்டுக்கொடுக்காது என்று தையற்காரரே சொல்வார். அதனால் காஜா என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

எண்பத்தாறாம் வருஷம் மே மாதம் இருபத்திரண்டாம் தேதி அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பிரெஞ்சு பேசுகிற ஒரு நாட்டில் ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். கல்யாணம் முடிந்து நாற்பது நாள் இருந்தார், போய்விட்டார். நாலு வருஷம் கழித்து ஒரு மாதம் வந்தார், போய்விட்டார். அந்த ஒரு மாதத்தில் பாதி நாள் வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றுவதிலேயே கழிந்தது.

புகுந்த வீட்டில் மாமியாரும் நாத்தனாரும். நாத்தனார் கப்பல் சரக்கு அனுப்புகிற ஆபீசில் டைப் அடிக்கிறவள். அவளை எல்லாரும் டைப்பு என்பார்கள். காஜாவைவிட இரண்டு வயது சின்னவள், கல்யாணம் ஆகவில்லை. ஆபீசுக்கு வருகிற கடிதங்களில் பாதி பிரெஞ்சு என்பதால் இரண்டு வருஷம் வகுப்புக்குப் போய் அந்த பாஷையைப் படித்திருந்தாள். அண்ணியும் நாத்தனாரும் எண்ணெயும் தண்ணீருமாக இருக்கிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர்கள் அப்படி இல்லை. ஒருத்தி செருப்பை இன்னொருத்தி போட்டுக்கொண்டு போவாள். டைப்புக்குத் தலைவலி என்றால் காஜா விளக்கை அணைத்துவிட்டு நெற்றியைப் பிடித்து விடுவாள். எனக்கே கொஞ்சம் பொறாமை உண்டு.

ஐந்தாவது வருஷம் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், ஆனால் குசும்பு குறையவில்லை. தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் காஜா. காலையில் மாமியாரைப் புரட்டிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக் கட்டைப் பிரிப்பாள்.

அப்படி மூன்று வருஷம் போன பிறகுதான் மாப்பிள்ளைக்கு அங்கே நிரந்தரமாகத் தங்கக் காகிதம் கிடைத்தது. மனைவியை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் மனைவி தூதரகத்தில் ஒரு நேர்காணலுக்கு உட்கார வேண்டும். பெரிதாக ஒன்றும் இல்லை, பெயர், பிறந்த தேதி, கல்யாணத் தேதி, புருஷன் எப்போது வந்தார், எப்போது போனார், இப்போது மணி என்ன என்று கேட்பார்கள். அவர்கள் பாஷையில் கேட்பார்கள், அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும்.

காஜாவுக்கு அப்போது முப்பத்திரண்டு முடிந்திருந்தது. என்னிடம் ஒருநாள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, எனக்கு ஊர் பாக்கணும், பனி பாக்கணும்னெல்லாம் ஆசை இல்ல. ஒரு குழந்தை வேணும். கடுதாசியில குழந்தை பொறக்காதில்ல."

அடுத்த சட்டையை எடுத்துக்கொண்டாள்.

டைப்பு தானே முன்வந்தாள். "நான் சொல்லித் தரேன் அண்ணி. தேதியும் மணியும் வந்துட்டா போதும், மத்ததெல்லாம் சிரிச்சுச் சமாளிச்சுக்கலாம்."

தினமும் சாயங்காலம் டைப்பு ஆபீசிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு உட்காருவாள். மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாடம். தையற்கடையில் துணியோடு குத்துகிற டெலிவரிச் சீட்டுகளின் பின்பக்கம்தான் நோட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தேதி இருக்கும். காஜா அதைத் திருப்பி பிரெஞ்சில் எழுதுவாள்.

"தையக்காரர் சொன்ன தேதியில எந்தச் சட்டையும் போனதில்ல. பிரெஞ்சுலயாவது அந்தத் தேதிக்கு ஒரு உபயோகம் வந்துச்சே" என்பாள்.

நான் அடுத்த தெருவில்தான் குடியிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் வேடிக்கை பார்க்கப் போய் உட்காருவேன். நாலரைக்கு நாலும் பாதியும் என்றும், நாலேகாலுக்கு நாலும் காலும் என்றும் அவர்கள் சொல்வதைக் கேட்டபோது காஜாவுக்கு ஒரே சந்தோஷம்.

"இது நம்ம மாதிரியேதானே இருக்கு. நாலே முக்காலுக்கு?"

"சேங்க் எர் முவேன் லெ கார். அஞ்சு மணியில கால் கம்மி."

"அதான் முக்கால்னு ஒரு நல்ல வார்த்தை இருக்கே, எதுக்கு அஞ்சு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும்?"

"அதை நேர்காணல்ல கேள்வி கேக்கறவங்ககிட்ட கேளுங்க. அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க."

முதல் தேதிக்கு மட்டும் அவர்கள் முதலாவது என்று ஒரு மரியாதை வைத்துச் சொல்வார்கள். லெ ப்ரெமியே. இரண்டிலிருந்து வெறும் எண்தான். அதற்கு மாமியார் கட்டிலிலிருந்து கோணல் வாயால், "மூத்த மருமகளுக்கு மட்டும் நாற்காலி போட்ட மாதிரி" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

எண்பதுக்கு அவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை இல்லை, நாலு இருபது என்பார்கள். அந்த வருஷம் தொண்ணூற்று நாலு. நாலு இருபதும் பதினாலும் என்று சொல்ல வேண்டும். காஜா விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்துவிட்டு, "வருஷத்தைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த வருஷம் பொறந்துடும்" என்றாள்.

இருபத்துநாலு மணிக் கணக்குத்தான் அவளுக்குக் கொஞ்சம் வழுக்கியது. டைப்பு அதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். பன்னிரண்டுக்கு மேல் எந்த எண் வந்தாலும் பன்னிரண்டைக் கழித்துவிடு. பதினாலு என்றால் இரண்டு. இருபது என்றால் எட்டு. மாமியாருக்கு மாத்திரை காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. அதையே சுவரில் எட்டு, பதினாலு, இருபது என்று எழுதி ஒட்டினார்கள். கொஞ்ச நாளில் மாமியாரே மதியம் "கத்தோர்ஸ் எர்" என்று கூப்பிட்டு வாயைத் திறக்க ஆரம்பித்தாள்.

ஜூன் மாதம் நேர்காணல். கூட டைப்பு போனாள். திரும்பி வந்து அவள்தான் எங்களுக்கு நடித்துக் காட்டினாள். கல்யாணத் தேதி கேட்டார்களாம். "லெ வேந்த் தெ மே, மில் நெஃப் சான் கத்ர வேன் சீஸ்" என்று காஜா மூச்சு விடாமல் சொன்னாளாம். அந்த அதிகாரி அம்மாள் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி மணி கேட்டாளாம். பதினொன்றே முக்கால். காஜா பன்னிரண்டில் காலைக் கழித்துச் சொல்லிவிட்டு, அந்த அம்மாள் சிரித்ததும் தானும் சிரித்தாளாம்.

"அண்ணி சொன்ன மாதிரி எனக்கே வராது அக்கா" என்று டைப்பு சொன்னபோது அவள் கண் நிறைந்திருந்தது. அது பொய்யில்லை. இன்றைக்கும் நான் அதைப் பொய் என்று சொல்லமாட்டேன்.

அனுமதி வந்தது. செப்டம்பர் பதினாறாம் தேதிக்குள் போய் இறங்கிவிட வேண்டும், தவறினால் மறுபடி முதலிலிருந்து, இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்று காகிதத்திலேயே இருந்தது. வந்ததும் கிளம்பியிருக்கலாம். மாமியாருக்கு நடுவில் நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இருபது நாள் இருந்ததால் காஜா கிளம்பவில்லை. மாப்பிள்ளைக்குச் சொல்லி, கெடு முடிவதற்கு முந்தைய விமானத்துக்கு டிக்கெட் போடச் செய்தாள். வாரத்துக்கு இரண்டு விமானம்தான். புதன், சனி.

டிக்கெட் செப்டம்பர் மூன்றாம் தேதி டைப்பின் ஆபீசுக்கு வந்தது. அப்போதெல்லாம் கையில் போன் கிடையாது. மாப்பிள்ளை காகித விஷயமென்றால் தங்கச்சி ஆபீசுக்குப் பேசுவார். மனைவியிடம் பேச ஞாயிறு நாலரை மணிக்குத் தையற்கடைப் போனுக்குக் கூப்பிடுவார்.

"டிக்கெட் வந்துடுச்சு அண்ணி. ஆபீஸ் பெட்டியில பத்திரமா இருக்கு. வண்டியும் சொல்லிட்டேன்" என்றாள் டைப்பு. கட்டிப் பிடித்துக்கொண்டாள். மாமியாரைப் பார்த்துக்கொள்ள அவர்களுடைய அத்தை ஒருத்தி வந்து தங்குவதாக ஏற்பாடு.

எட்டாம் தேதிதான் டிக்கெட்டைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். காஜா அதை மடியில் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். டிக்கெட் முழுக்க பிரெஞ்சு. தேதியை யாரும் சொல்லாமல் தானே படித்துவிட்டாள். லெ கத்தோர்ஸ் செப்தாம்ப்ர, புதன்கிழமை. மணியில்தான் நின்றாள்.

"இது என்ன, பூஜ்யம் போட்டு முப்பத்தஞ்சுன்னு இருக்கு? பூஜ்யத்துல எப்படிப் பன்னெண்டைக் கழிக்கறது?"

"கழிக்க வேணாம் அண்ணி. பூஜ்யம்னா ராத்திரி பன்னெண்டு. பன்னெண்டு முப்பத்தஞ்சு."

"அப்ப பதினாலாந் தேதி ராத்திரி பன்னெண்டரைக்கு மேல."

டைப்பு தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"ஆமா அண்ணி. புதன்கிழமை ராத்திரி. சாயங்காலம் ஏழு மணிக்கு வண்டி வந்துடும்."

நான் பக்கத்தில்தான் இருந்தேன். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. நமக்கெல்லாம் விடிந்தால்தானே அடுத்த நாள். புதன்கிழமை படுத்து, தூக்கம் வராமல் புரண்டு, மணி இரண்டானாலும் அது புதன்கிழமை ராத்திரிதான். "நேத்து ராத்திரி ஒரு மணிக்கு நாய் குலைச்சுது" என்றுதான் சொல்வோம்; இன்றைக்கு ஒரு மணிக்கு என்று சொன்னால் மதியம் என்றுதான் எடுத்துக்கொள்வோம்.

பதினோராம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் போன் வரவில்லை. காஜா கடை வாசலில் ஆறு மணிவரை நின்றாள். வீட்டுக்கு வந்தபோது டைப்பு, "அண்ணன் நேத்தே என் ஆபீசுக்குப் பேசிட்டாரு. எல்லாம் சொல்லிட்டேன். ஏர்போர்ட்டுல வந்து நிப்பாராம், குளிருக்குக் கோட்டு வாங்கி வெச்சிருக்காராம்" என்றாள். கோட்டு என்ற சொல்லைக் கேட்டதும் காஜாவுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

புதன்கிழமை காலையில் மாமியாருக்குத் தலை குளிப்பாட்டி, நகம் வெட்டி, மூன்று நாள் துணியைத் துவைத்து மடித்து வைத்தாள். தையற்காரர் வந்து ஒரு டஜன் வெள்ளைப் பித்தானை நினைவாகக் கொடுத்தார். டைப்பு ஆபீசுக்குப் போய்விட்டு வழக்கம்போல ஐந்தரைக்கு வந்தாள். வண்டி ஏழுக்கு வந்தது. அத்தை இன்னும் வந்து சேரவில்லை என்று டைப்பு மாமியாரோடு வீட்டிலேயே இருந்துவிட்டாள். வழியனுப்ப நான் மட்டும் ஏறினேன். மாமியார் நல்ல கையால் காஜாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

விமான நிலையத்தில் வாசல் காவலர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட சின்னப் பெண். வாங்கிப் பார்த்தாள்.

"அம்மா, இது நேத்து ராத்திரி போன பிளைட்டும்மா."

"இல்லம்மா, பதினாலுன்னு போட்டிருக்கு பாரு. இன்னிக்குத்தானே பதினாலு?" என்றாள் காஜா.

"இன்னிக்குத்தான். இன்னிக்கு ஆரம்பிச்சு முப்பத்தஞ்சாவது நிமிஷம் போயிடுச்சு. அவங்க கணக்குக்குப் பன்னெண்டு அடிச்சா அடுத்த தேதி. நீங்க நேத்து சாயங்காலம் வந்திருக்கணும்."

"அடுத்தது?"

"சனிக்கிழமை. பதினேழு."

அனுமதிக் காகிதத்தில் பதினாறு. காஜா அதை எடுத்துக் காட்டவில்லை. நேர்காணல் பெஞ்சில் உட்கார்ந்தவளைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என்னிடம், "வா அக்கா, மாத்திரை நேரம் தாண்டிடுச்சு. அவ குடுத்தாளோ என்னவோ" என்றாள்.

வீட்டில் டைப்பு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கும் தோணலையே அண்ணி, பாவி எனக்கும் தோணலையே." காஜாதான் அவளைத் தேற்றினாள். வந்து விசாரித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். யாருக்கும் வருகிற தப்புதான். நம்ம ராத்திரி வேறே, அவங்க ராத்திரி வேறே. நானும் அதைத்தான் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குத் தையற்கடைக்குப் போனோம். காஜா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இன்னொரு கையிலிருந்த நூற்கண்டு கீழே விழுந்து மேஜைக்கு அடியில் உருண்டுபோனது. அவள் அதைப் பார்க்கவில்லை. "ம்" என்றாள். மறுபடி "ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

"என்னடி சொன்னாரு?"

"அவரு புதன்கிழமை காலையில கோட்டோட வந்து மத்தியானம் வரைக்கும் நின்னாராம். நான் வரலைன்னதும் தங்கச்சி ஆபீசுக்குப் போன் போட்டாராம். அம்மாவை இந்த நிலையில விட்டுட்டு வர அண்ணிக்கு மனசு வரலை அண்ணேன்னு அவ சொன்னாளாம். உன்னை நினைச்சாப் பெருமையா இருக்குன்னு சொல்றாரு."

எனக்குப் புரிய இரண்டு நிமிஷம் பிடித்தது. புதன்கிழமை ஆபீசில் இருக்கும்போதே டைப்புக்குத் தெரியும். தெரிந்துகொண்டு ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்து, ஏழு மணிக்குப் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்திருக்கிறாள்.

காஜா வீட்டுக்குப் போகவில்லை. நேரே வேன் ஸ்டாண்டுக்குப் போனாள். எங்களை ஏற்றிப்போன டிரைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எத்தனையோ பேரை ஏர்போர்ட்டுல விட்டிருக்கீங்க. பன்னெண்டுக்கு மேல போற பிளைட்டுக்கு முந்தின நாள் சாயங்காலமே போகணும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். "தெரியாம என்னக்கா. அதனாலதான் நானே ஒரு தடவைக்கு ரெண்டு தடவை கேட்டேன்." வண்டிக்குள் கையை விட்டு ஒரு டைரியை எடுத்தார். "அந்தம்மா மொதல்ல வந்து பதிமூணாந் தேதி ஏழு மணின்னுதான் சொன்னாங்க. டிக்கெட் வந்த அன்னிக்கே. நாலு நாள் கழிச்சு வந்து பதினாலுன்னு மாத்தினாங்க. ஏம்மா, பன்னெண்டரை பிளைட்டுன்னீங்களே, பதிமூணுதானே சரின்னேன். இல்ல, டிக்கெட்டையே மாத்தியாச்சுன்னாங்க. நான் என்ன பண்ண?"

டைரியில் பதிமூன்றாம் தேதிப் பக்கத்தில் ஏர்போர்ட் 7 மணி என்று எழுதி, குறுக்கே ஒரு கோடு. அடுத்த பக்கத்தில் அதே எழுத்து. காஜா அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்தாள். துணியில் தையல் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க அப்படித்தான் விரலால் தடவுவாள்.

வீட்டில் டைப்பு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏழாந்தேதி என்ன நடந்துச்சு?" காஜா குரலை உயர்த்தவில்லை. "மூணாந்தேதி சரியாத்தான் சொல்லியிருக்கே. நாலு நாள்ல என்ன நடந்துச்சு?"

டைப்பு கட்டிலைப் பார்த்தாள். மாமியார் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அத்தை வரமாட்டேன்னு அஞ்சாந்தேதியே சொல்லி அனுப்பிட்டாங்க. மறுநாள் ஆபீசுல லீவு கேட்டேன். ஆஸ்பத்திரிக்கே இருபது நாள் எடுத்துட்டே, இனிமே எடுத்தா வரவே வேணாம்னுட்டாரு. எனக்குன்னு இருக்கறது அந்த வேலை ஒண்ணுதான் அண்ணி. புருஷனா, புள்ளையா? நீங்க போயிட்டா நானும் அம்மாவும் இந்த நாலு சுவருக்குள்ளதான். ரெண்டு வருஷம்தானே, உங்களுக்கு மறுபடியும் கிடைச்சுடும்னு நினைச்சேன்."

"ரெண்டு வருஷம்தானே." காஜா அந்தச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "எனக்கு வயசு என்னன்னு உனக்குத் தெரியும். எதுக்குப் போறேன்னு தெரியும். மாசா மாசம் நான் எண்ணற நாள்கூட உனக்குத் தெரியும்."

"கேட்டிருந்தா நின்னிருப்பீங்களா?"

"தெரியாது. நீ கேட்டிருந்தாத்தானே எனக்கே தெரிஞ்சிருக்கும். நான் நின்னிருப்பேனா மாட்டேனான்னு எனக்கே தெரியாம பண்ணிட்டியே."

டைப்பு வாயைத் திறந்தாள். காஜா கையைக் காட்டி நிறுத்தினாள். "என்னைப் போகவிடலை, அது ஒண்ணு. போகமாட்டேன்னு நான் சொன்னதா அவர்கிட்ட சொன்னே பாரு. என் வாயையும் நீயே எடுத்துக்கிட்டே."

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். டைரியில் இருந்த கோடுவரை சொன்னாள். பிறகு அவர் சொன்னாராம், "சரி விடு. அவளும் என்ன பண்ணுவா பாவம். அம்மாவுக்கும் ஒரு ஆள் வேணும்ல." அதை என்னிடம் சொன்னபோதுதான் காஜா அழுதாள். அதற்குமுன் ஒரு சொட்டு விடவில்லை. நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். சின்ன வயதில் சித்தி போன அன்றைக்கும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

அவள் வீட்டைவிட்டுப் போகவில்லை. மாமியாரைப் பழையபடி பார்த்துக்கொண்டாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நாத்தனாரோடு பேச்சை அறுத்துவிட்டாள். வீட்டில் நோயாளி இருக்கும்போது இரண்டு பேர் ஒன்றுமே பேசாமல் இருக்க முடியாதே. ஆபீஸ் போகுமுன் மாத்திரை கொடுத்தாயிற்றா, டாக்டர் எந்தத் தேதி வரச் சொன்னார் என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அதை மட்டும் சொன்னாள். பிரெஞ்சில் சொன்னாள். "உயித் எர்." "லெ தூஸ்." எட்டு மணி, பன்னிரண்டாந்தேதி. அவ்வளவுதான், வேறே ஒரு வார்த்தை கிடையாது. டைப்பு தமிழில் பதில் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவளும் அதிலேயே மணி சொல்ல ஆரம்பித்தாள். கேட்க எனக்குத்தான் தாங்காது. எந்த பாஷையில் அந்தக் கட்டிலடியில் உட்கார்ந்து சிரித்தார்களோ அதே பாஷை. மாமியாருக்கு மட்டும் என்ன நடந்ததென்று யாரும் சொல்லவில்லை. மருமகள் தனக்காக நின்றுவிட்டாள் என்றே கடைசிவரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். காஜா அதை மறுக்கவும் இல்லை.

இரண்டே முக்கால் வருஷம் ஆனது மறுபடி அனுமதி வர. இந்தத் தடவை மனுவிலிருந்து எல்லாமே காஜாதான். டிக்கெட்டைத் தையற்கடை விலாசத்துக்கு வரவழைத்தாள். டிரைவரிடம் தானே போய்ச் சொன்னாள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே தேதியையும் மணியையும் எழுதிச் சுவரில் மாத்திரைச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள், மாமியாருக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும் என்று. டைப்பு பகலுக்கு ஒரு பெண்ணை அமர்த்திக்கொண்டாள். ஆபீசும் நடந்தது. முதல் தடவையே செய்திருக்கலாம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. டைப்பு பெட்டியைத் தூக்க வந்தாள். காஜா அவளுக்கு முன்னால் குனிந்து தானே தூக்கிக்கொண்டாள்.

முப்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தாள். அங்கே இரண்டு டாக்டரைப் பார்த்தார்கள். குழந்தை தங்கவில்லை. மூன்றாவது டாக்டர் வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். ஒரு தையற்கடையில் வேலைக்குச் சேர்ந்ததாகவும், அங்கே காஜாவை மெஷின் போட்டுவிடுவதாகவும், தான் பித்தான் மட்டும் வைப்பதாகவும் எனக்கு எழுதினாள். கடிதத்தின் தலைப்பில் தேதி பிரெஞ்சில் இருந்தது.

அவள் போய் நாலாவது வருஷம் மாமியார் தூக்கத்திலேயே போய்விட்டாள். சேதி கேட்டு நான் போனபோது விடிந்து வெயில் ஏறியிருந்தது. அந்த வருஷங்களில் அந்த வீட்டிலேயே போன் வைத்துவிட்டார்கள். டைப்பு எண்ணைச் சுழற்றினாள். மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார் போல, எடுத்தது காஜா. டைப்பு காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்ததால் பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"அண்ணி, அம்மா போயிட்டாங்க."

ஏழு வருஷத்துக்குப் பிறகு அவள் நாத்தனாரிடம் தமிழில் பேசினாள்.

"எத்தனை மணிக்கு?"

"ராத்திரி. நான் எழுந்து தண்ணி குடுக்கப் போனேன். பன்னெண்டே கால் இருக்கும்."

"எந்தத் தேதி?"

டைப்பு சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தாள். முந்தின நாள் தாளை இன்னும் யாரும் கிழிக்கவில்லை. பதினேழு என்று பெரிதாக இருந்தது. அவள் உதடு பதினேழுக்குத்தான் குவிந்தது, நான் பார்த்தேன். சொல்லவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பதினெட்டு அண்ணி."

"இப்ப சரியாச் சொல்றே" என்றாள் காஜா. "அவர் வந்ததும் சொல்றேன்."

போனை வைத்துவிட்டாள்.